வண்டிக்குப் போன தகவல்

...தூங்கியிருந்தால் தூங்கினேன் என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, விடிய விடிய வண்டி ஓட்டுகிறவன் கொஞ்சம் கண்ணயர்ந்தால் என்ன முழுகியா போய்விடும், ஆமாம், முழுகித்தான் போய்விட்டது, ஒரு அம்மாள் மூச்சுக்குத் தவித்துத் தவித்து அடங்கிவிட்டார், அவருடைய மகள் டிவி மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ்காரன் தூங்கிட்டான் என்று கதறினாள், மறுநாளே அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள், கூடப் பிறந்தவள் இங்கே குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, கோப்பு திறக்கிற பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கோடு பாதியில் நின்றுவிட்டது. பெரிய கோப்பு. கட்டுப்பாட்டு அறைக்கு வரும் ஒவ்வொரு அழைப்பையும் வாங்கி, வரிசையில் வைத்து, எந்த வண்டிக்கோ அந்த வண்டியின் டேப்லெட்டுக்கு அனுப்பிவைக்கும் நடுவாள் மென்பொருள் அவர்கள் கம்பெனியுடையது. அனுப்பினேன், வந்து சேர்ந்தது, பதில் வந்தது என்று அது எதைச் செய்தாலும் ஒரு வரி எழுதிவைக்கும், ஒரு பகலுக்கே லட்சக்கணக்கில் வரிகள், கண்ணால் படித்தால் ஆயுசு போதாது, அதற்காகத்தான் கணினியில் இந்தக் கருவி, வண்டி எண்ணைக் கொடுத்தால் மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அந்த வண்டியுடைய வரிகளை மட்டும் நிறம் பூசிக் காட்டும். எதையும் பார்க்காமலே எண்ணைத் தட்டினாள், அண்ணனுடைய வண்டி எண் அவளுக்கு மனப்பாடம் என்று இந்த அறையில் யாருக்குத் தெரியும்?

மேனேஜருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்த வேலையை அவளிடம் கொடுத்திருப்பாரா? காலையில் வந்து அவள் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு, “நம்ம பக்கத்துல இருந்து தகவல் போச்சா இல்லையா, அத மட்டும் பாத்துச் சொல்லுங்க, சாயங்காலம் மீட்டிங்ல கேப்பாங்க” என்றார், அப்போதே சொல்லியிருக்கலாம், சார், அந்த டிரைவர் என் அண்ணன் என்று, வாய் வரை வந்தது, வேறு யாராவது பார்த்து அவசரத்தில் எதையாவது விட்டுவிட்டால் என்ற பயத்தில் விழுங்கிவிட்டாள்... பயமா, இல்லை, முதலில் தெரிந்துகொள்ளவேண்டும் என்ற அரிப்பா? நேற்று அண்ணன் வீட்டுக்குப் போனபோது அம்மா அடுப்படியிலேயே அவளை மடக்கி, “தூங்கியிருப்பான்டி. பெத்தவளுக்குத் தெரியாதா? முன்னாடி அந்த குடோன் வேலை எப்படிப் போச்சு?” என்று கிசுகிசுத்தாள், குடோனில் காவலுக்கு உட்கார்ந்தவன் குறட்டைவிட்டு மாட்டிக்கொண்டது நிஜம், வீட்டில் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததும் நிஜம், அண்ணனும் கூடச் சேர்ந்து சிரிப்பான், அது கல்யாணத்துக்கு முந்திய கதை, இப்போது இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன். கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். சவரம் செய்யவில்லை. “கால் வரல. வந்ததும் கிளம்பிட்டேன். அவ்வளவுதான்” என்றான், அவளைப் பார்த்து, “நீயாவது நம்புறியா?” என்று கேட்டான், அதற்கு அவள் என்ன சொன்னாள்...

கோடு முடிந்துவிட்டது. வரிகள் கொட்டின. அவள் வண்டி எண்ணால் சலித்தாள், அந்த அம்மாளின் தெருப்பெயரால் மறுபடி சலித்தாள், ஒரே ஒரு மஞ்சள் வரி மிஞ்சியது. அனுப்பப்பட்டது. மகள் போன் செய்த கையோடு அனுப்பப்பட்டிருக்கிறது, ஒரு நொடிகூடத் தாமதமில்லை. ஆக, போயிருக்கிறது. ஆக, அம்மா சொன்னதுதான். பின்னால் வந்து எட்டிப் பார்த்த மேனேஜர், “போயிருக்குல்ல? அப்பாடா, நம்ம தலை தப்பிச்சுது” என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார், நம்ம தலை, சரி, அண்ணன் தலை? அண்ணியின் பெயர் போன் திரையில் மின்னியது, எடுக்காமல் இருக்க முடியுமா, எடுத்தாள். “அவரு காலைலேர்ந்து பச்சைத்தண்ணிகூடக் குடிக்கல. நீ பாத்துட்டியா, என்ன போட்டிருக்கு?” “இன்னும் பாக்கிறேன் அண்ணி.” “நல்லா பாரும்மா.” நல்லா பாரும்மா... எதை? போனது போனதுதான், மஞ்சள் வரியை உற்றுப் பார்த்தால் வெள்ளையாகிவிடுமா, ஆனாலும் ஏதோ நெருடியது, தகவல் போனால் டேப்லெட் பெற்றுக்கொண்டேன் என்று பதில் அனுப்பும், அந்தப் பதில் வரி எங்கே? மேலே தேடினாள், கீழே தேடினாள். இல்லை. தகவல் அனுப்புகிற சர்வர் இரண்டு அல்லவா, ஒன்றில் தொடர்பு அறுந்தால் வண்டி இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும், இது முதலாவதின் கோப்பு மட்டும், அட மடச்சி, பாதியை வைத்துக்கொண்டா அண்ணனுக்குத் தீர்ப்பு எழுதினாய்!

இரண்டாவதையும் ஏற்றி, இரண்டையும் நேரப்படி பின்னச் சொன்னாள். மறுபடி பச்சைக் கோடு. நகத்தைக் கடித்தாள். திரை நிறைந்ததும் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தாள்: அனுப்பப்பட்டது, பதில் இல்லை, பதில் இல்லை, டேப்லெட் உயிரோடிருக்கிறதா என்று முதல் சர்வர் கேட்கிறது, சத்தமில்லை, இன்னும் பொறுத்துப் பார்க்கிறது, பொறுத்துக்கொண்டே இருக்கிறது, கடைசியில் தொடர்பு அறுந்ததென்று ஒத்துக்கொள்கிறது, இரண்டாவது சர்வரில் வண்டி வந்து ஒட்டிக்கொள்கிறது, அதே தகவல் மறுபடி அனுப்பப்படுகிறது, இந்தத் தடவை பெற்றுக்கொண்டேன், அடுத்த வரியே, ஒரு மூச்சு விடுகிற இடைவெளியில், டிரைவர் பொத்தானை அழுத்தியிருக்கிறான்: கிளம்பிவிட்டேன். தூங்குகிறவன் அப்படி அழுத்தமாட்டான். கால் வரல, வந்ததும் கிளம்பிட்டேன், அவ்வளவுதான். அவன் சொன்னதற்கு மேல் ஒரு சொல் இல்லை, கீழேயும் இல்லை. சர்வர் அவ்வளவு நேரம் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்ததே, அந்தப் பொறுமையை அதற்குச் சொல்லிவைத்தது யார்? இவர்கள் கம்பெனிதான், தொட்டதற்கெல்லாம் தொடர்பு அறுந்தது என்று அலறுகிறதென்று வாடிக்கையாளர் சலித்துக்கொண்டதால் கூட்டிவைத்த காத்திருப்பு நேரம்.

மேனேஜர் நின்றபடியே படித்தார், உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார். “நல்லா பாத்தீங்களா?” “பாத்துட்டேன் சார்.” கூடவே, “சார், அந்த டிரைவர் என் அண்ணன்” என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். “இத காலையிலயே சொல்லியிருக்க வேண்டாமா? இப்ப அண்ணனுக்காகப் பண்ணுனீங்கன்னு சொல்வாங்களே, யாரு நம்புவா?” “வேற யாரையாவது வெச்சுப் பாருங்க சார், கோப்பு அப்படியேதான் இருக்கு.” அவர் இரண்டு கோப்புகளையும் தனக்கு அனுப்பச் சொல்லிவிட்டு எழுந்துபோனார், மீட்டிங்கில் எடுத்துவைப்பாரா, அமுக்கிவிடுவாரா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அமுக்கினால் சும்மா விடமாட்டேன் என்று நினைத்தாள், நினைத்ததுமே, யாரு நம்புவா என்று அவர் கேட்டது மறுபடி வந்து சுருக்கென்று தைத்தது.

படிக்கட்டுப் பக்கம் போய் அண்ணனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுத்தான், பின்னால் பிள்ளைகள் சண்டை போடுகிற சத்தம். “அண்ணா, பாத்துட்டேன். நீ சொன்னது சரிதான். முதல்ல கால் உனக்கு வரவே இல்ல, அப்புறம்தான் வந்திருக்கு, வந்த உடனே நீ கிளம்பியிருக்க, எல்லாம் பதிவாகியிருக்கு.” குதிப்பான் என்று நினைத்தாள், அழுவான் என்றுகூட நினைத்தாள்.

“அது எனக்குத் தெரியுமேம்மா” என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டவளுக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னான். பிறகு பிள்ளைகளை அதட்டினான், வைக்கட்டுமா என்றான், அவள் இரு இரு என்றாள், இருந்தான். நேற்று கூடத்தில் நீயாவது நம்புறியா என்று அவன் கேட்டதற்கு, ஆபீசில் பதிவுக் கோப்பைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாளே, அவன் கேட்டது அதைத்தானா... இப்போது சொல்ல வேண்டியது வேறு ஏதோ, அதைத் தேடிக்கொண்டு படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள், அண்ணன் அந்தப் பக்கம் காத்திருந்தான்.