நொர்பேரின் உடுப்பு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் இந்த வருஷம் என் தோட்டத்து ஆப்பிள் எல்லாம் புழுத்துப் போகட்டும். தொப்பியைக் கழற்றிவிட்டு, வலது கையை மேசைமேல் வைத்துத்தான் சொல்கிறேன். எதிரே நொர்பேர் உட்கார்ந்திருக்கிறான். தப்பாக ஏதாவது சொன்னால் அவனே திருத்தட்டும். ஐம்பது வருஷமாக ஒரு தடவைகூடத் திருத்தியதில்லை.

மே மாதக் கடைசியில் மேயர் ஒதீல் என் வீட்டுக்கு வந்தாள். வாசலில் செருப்புச் சேற்றைத் தேய்த்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ஆந்தீம் பெரியவரே, ஜூன் ஆறாம் தேதி அமெரிக்காக்காரங்க வர்றாங்க. ஜெர்மன்காரங்கள விரட்ட அவங்க இங்க வந்து குதிச்சு இது ஐம்பதாவது வருஷம். ஊர் மன்றத்துல கண்ணாடிப் பெட்டி ஒண்ணு செஞ்சு வச்சாச்சு. உள்ள வைக்கத்தான் ஒண்ணுமில்ல."

"உங்கப்பன் பல்செட்ட வையேன்."

"விளையாடாதீங்க. நொர்பேரோட உடுப்பு வேணும். தலைக்கவசம், பூட்ஸ், சட்டை எல்லாம். இந்தச் சுத்துவட்டாரத்துலயே ஒரு பாராசூட் வீரனோட உடுப்பு முழுசா இருக்கிறது உங்க வீட்லதான்."

"அப்ப நொர்பேர்?"

அவள் எதிர் நாற்காலியைப் பார்த்தாள். நல்ல பெண்தான், குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவர நீங்களே வச்சுக்குங்க."

பெண்ணை விட்டுவிட்டு நகையை மட்டும் அனுப்பு என்பதுபோல் இருந்தது எனக்கு. மாட்டேன் என்றேன். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். வருகிறவர்களில் ஒருவர் அன்றைக்கு விமானத்திலிருந்து குதித்தவர். உடுப்பு அவர்களுடையது, அவரே பார்த்துச் சொல்லட்டும். அவர் கொடு என்றால் கொடுத்துவிட வேண்டும். உடுப்பு போய்விட்டால் அந்த நாற்காலியில் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு தனியாக சூப் குடிக்க என்னால் ஆகாது.

ஐம்பது வருஷத்துக்கு முன்னால், அதே ஜூன் ஆறு விடியுமுன், நொர்பேர் என் அவரைப் பாத்தியில் வந்து விழுந்தான். மற்ற வீரர்கள் கழுதைபோல மூட்டை சுமந்து வந்தார்கள், கத்தி, கயிறு, துப்பாக்கி, ரொட்டி, காலில் கட்டிய பை என்று. இவன் ஒரு சின்னப் பாராசூட்டைத் தவிர எதுவுமில்லாமல் வந்தான். பூட்ஸ்கூட இல்லை. ஆனால் வீரத்துக்குக் குறைவில்லை. விழுந்த இடத்தில் படபடவென்று வெடிச்சத்தம். அடுத்த ஊரிலிருந்து ஜெர்மன்காரர்கள் லாரி லாரியாக வந்து, இவன் ஒருவனுக்குப் பயந்து, என் வேலியை மதியம்வரை சுட்டார்கள். என் பசு மிராபெல் அதில்தான் செத்தாள். அந்த வீட்டில் என்னோடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான்.

அவர்கள் போனபிறகு பாத்திக்குப் போனேன். கிடந்தான். நெஞ்சில் தீக்காயம். தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தேன். கனமே இல்லை, போர் மனிதர்களை அப்படி ஆக்கிவிடுகிறது. காயத்தை நானே கோணி ஊசியால் தைத்தேன். முனகவே இல்லை. பேர் கேட்டேன், சொல்லவில்லை. நாட்காட்டியில் அன்றைக்குப் புனித நொர்பேர் நாள், அதையே வைத்தேன்.

உடுப்பில்லாதவனை எப்படி நாற்காலியில் உட்கார வைப்பது? சதுப்பு வாய்க்கால்களில் அந்தக் கோடை முழுவதும் துழாவினேன். முதலில் கிடைத்தது மஞ்சள் மிதவைச் சட்டை. பிறகு ஒரு பூட்ஸ், முழங்காலுக்குக் கீழ்வரை கயிறு கட்டுவது. அதன் ஜோடி பனிக்காலத்தில்தான் கிடைத்தது, அதுவும் இரண்டு அளவு பெரியது. மேல்சட்டை ஒரு முள்வேலியில் தொங்கியது. பைகள், பைக்குள் பைகள். தேடத்தேடச் சாமான் வந்துகொண்டே இருந்தது. கடைசியாக ஒரு பைக்குள் கையை விட்டபோது எதிர்ப்பக்கப் பையிலிருந்து என் கையே வெளியே வந்தது. தலைக்கவசத்தில் ஒதீலின் அப்பா கோழிகளுக்குத் தண்ணீர் வைத்திருந்தார். இரண்டு முயல் கொடுத்து வாங்கி வந்தேன். நொர்பேருக்கு அது மோவாய்வரை இறங்கியது. அவன் சற்றுக் குள்ளம். அந்த வருஷம் ஊர்ப் பெண்கள் எல்லோரும் பாராசூட் துணியில் சட்டை தைத்துப் போட்டார்கள். நான் மட்டும் அதை மடித்து அவன் முதுகிலேயே கட்டினேன்.

ஒரு தடவை லியோனி என்றொருத்தி என்னைக் கட்டிக்கொள்ள வந்தாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். மூன்றாவது ஞாயிறு வாசலிலேயே நின்று, "அவனா, நானா?" என்றாள். நான் யோசித்துச் சொல்வதற்குள் பேருந்து வந்துவிட்டது.

ஜூன் ஆறு. ஒதீலோடு வந்தவர் பெயர் வெண்டல். நெட்டையான மனிதர், ஊன்றுகோல், இரண்டு காதிலும் கருவி. வாசலில் நின்று நொர்பேரை வெகுநேரம் பார்த்தார். ஒதீலுக்கு முகம் சிவந்துவிட்டது. சிரிக்கப்போகிறார் என்று நான் பற்களைக் கடித்துக்கொண்டேன்.

சிரிக்கவில்லை. ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு, மூட்டு சடசடக்க அவன் முன்னால் மண்டியிட்டார். தலைக்கவசத்தைக் கழற்றினார். உள்ளேயிருந்த பட்டையை இழுத்துச் சுருக்கினார். மறுபடி வைத்து மோவாய் வாரை மாட்டினார்.

"இப்படி மாட்டணுமாம். இல்லேன்னா குதிக்கிறப்போ கழுத்து போயிருமாம்," என்றாள் ஒதீல்.

பிறகு அவர் என் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் வைத்த ஆப்பிள் சாராயத்தைத் தொடாமல் நொர்பேரிடம் மெதுவாகப் பேசத் தொடங்கினார். ஒதீல் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"என்னவாம்மா?"

"கூடக் குதிச்சவங்க பேர் சொல்றார் பெரியவரே. ஒவ்வொரு பேரா சொல்லிக்கிட்டே போறார்."

எனக்குப் பொறாமையாக இருந்தது. ஐம்பது வருஷத்தில் இப்படிச் சொல்ல எனக்கு இவ்வளவு பேர் சேரவில்லை. மிராபெல், லியோனி. அதோடு தீர்ந்தது.

கடைசியில் ஒதீல் உடுப்பைப் பற்றிக் கேட்டாள். வெண்டல் சாராயத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சொன்னதை அவள் தட்டுத்தடுமாறிச் சொன்னாள்.

"இவன எனக்குத் தெரியும்கிறார். அன்னிக்கு விமானக் கதவுல அவருக்கு முன்னாடி நின்னவனாம். மத்தவங்கெல்லாம் கதவு கம்பிய விடாமப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்களாம். தயங்காமப் போனது இவன் ஒருத்தன்தானாம். அப்படிப்பட்டவன் உடுப்புல யாரும் கை வைக்கக்கூடாதாம்."

ஒதீல் மூக்கைச் சிந்திக்கொண்டாள். வாசல்வரை போன வெண்டல் திரும்பி என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். அல்லது கண்ணில் தூசியோ என்னவோ. கண்ணாடிப் பெட்டி இன்னும் காலிதான். பல்செட்டைப் பற்றி மன்றக் கூட்டத்தில் பேச்சு அடிபட்டதாகக் கேள்வி.

கார் போன சத்தம் ஓய்ந்தது. வழக்கம்போல் இரண்டு குவளை எடுத்து வைத்தேன். இத்தனை வருஷமும் தலைக்கவசத்துக்குள் மேசையைப் பார்த்துக் கவிழ்ந்திருந்தவன், வார் இறுகியதால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். முதல் தடவையாக நேரே என் முகத்தைப் பார்த்தான். அவன் குவளையை முதலில் நிரப்பினேன்.

ஐம்பது வருஷத்துக்கு முன் அந்த ராத்திரி ஜெர்மன்காரர்களை ஏமாற்றப் பட்டாசு கட்டி விமானத்திலிருந்து தள்ளிவிட்ட கோணிச்சாக்குப் பொம்மைகளில் ஒன்றுதான் நொர்பேர். வருஷத்துக்கு ஒரு தடவை வைக்கோலை மாற்றுகிறேன்.