நாலு மணிக்குக் கேட்பவர்

சவப்பெட்டியை மூட ஆட்கள் வந்து நின்றபோது பிறிஜெற் எழுந்து போய், மூலை மேசையில் கிடந்த ரேடியோ செற்றின் பிளக்கைத் தேடினாள்.

"அம்மா, என்ன செய்றீங்க?" மகள் ஐறீன் பின்னாலேயே வந்தாள். செத்த வீட்டில் ரீவி, ரேடியோ ஒன்றும் ஓடக்கூடாதென்று காலையில் எல்லாவற்றையும் கழற்றி வைத்தவள் அவள்தான்.

"நாலு மணியாகப் போகுது. நபீஸ்ட போட் கூப்பிடும்."

செபப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஃபாதர் பார்த்தார். கொட்டாஞ்சேனையின் அந்தக் குறுகிய ஒழுங்கையில் சவ வாகனம் வழியை அடைத்தபடி நின்றது.

செற்றோடு பிறிஜெற்றுக்கு ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. துறைமுக வேலையிலிருந்து ஓய்வுபெற்றதும் கணவர் ஸ்டனிஸ்லாஸ் மொட்டைமாடியில் ஏரியல் கம்பி கட்டி, ஆழ்கடலுக்குப் போகும் போட்டுகளோடு கதைப்பதையே வேலையாக்கிக்கொண்டார். சோறு ஆறிப்போகும், மனுசன் அசையமாட்டார். "உங்கட மற்றப் பெஞ்சாதி கூப்பிடுறா, போங்க" என்று அவளும் விடமாட்டாள்.

மீன்பிடிக்கப் போன நபீஸின் போட் எஞ்சின் பழுதாகி நடுக்கடலில் மிதந்துகொண்டிருந்தது. கைப்போனுக்கு அங்கே சிக்னல் ஏது. மிஞ்சியிருந்தது செற்றும், சார்ஜ் இறங்கிக்கொண்டிருந்த பற்றரியும்தான். அதனால் நாளுக்கு ஒரு தடவை, நாலு மணிக்கு மட்டும் செற்றைப் போட்டு, இருக்கும் இடத்தைச் சொல்வார்கள். கட்டி இழுத்துவரப் போன போட்டுக்கு அந்த மெலிந்த குரல் எட்டவில்லை. எப்படியோ இந்த வீட்டுக் கம்பிக்கு எட்டியது. ஸ்டனிஸ்லாஸ் கேட்டு, அவர்களுக்குச் சொல்வார். நேற்றுச் சொன்ன இடத்தில் இன்றைக்குப் போட் இருக்காது, நீரோட்டம் இழுத்துப்போயிருக்கும். நேற்றிரவு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த மனுசன், ஆம்புலன்ஸ் வருமுன் அவளிடம் சொன்னதும் அந்த நாலு மணியைத்தான். வெளிநாட்டிலிருந்து வர ஒருவரும் இல்லையென்பதால் இன்றைக்கே அடக்கம்.

"நேவிக்காரர் பாத்துக்கொள்ளுவினம், அம்மா."

"அவையளுக்கும் ஆராவது இடத்தைச் சொல்ல வேணுமே, மகள்."

ஐறீன் பிளக்கை எடுத்துச் செருகினாள்.

செற்றின் இலக்கங்கள் பிறிஜெற்றுக்கு மங்கித் தெரிந்தன. அவளுடைய கண்ணாடி அழுத அழுகையில் எங்கே போனதோ. பெட்டியருகே போய், கணவரின் சட்டைப்பையில் ஐறீன் வைத்துவிட்டிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

இரைச்சலுக்குள்ளிருந்து நபீஸின் குரல் வந்தது. "கொட்டாஞ்சேன, கொட்டாஞ்சேன, கேக்குதா? அங்கிள்?"

ஒருநாளும் தொடாத மைக்கை அமுக்கினாள். "கேக்குது மகன். ஆன்ரி கதைக்கிறன். இடத்தைச் சொல்லுங்க."

அவன் இலக்கம் இலக்கமாகச் சொன்னான். குசினியில் சமைத்தபடி இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டுச் சலித்த முறைதான். அவளும் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். ஐறீன் செபத் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள்.

"எல்லாரும் சுகமா?"

"குடிக்கத் தண்ணி இன்னும் கொஞ்சம் ஈக்கிது, ஆன்ரி. அங்கிள் எங்க?"

பிறிஜெற் திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள். கடலில் தவிக்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"இஞ்சதான் மகன். பக்கத்திலதான் இருக்கிறார்."

ஐறீன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பற்றரி போகுது. நாளைக்கும் நாலு மணிக்குக் கேப்பீங்கதானே?"

"நாளைக்கும் கேப்பம். பயப்படாதீங்க."

குரல் நின்றது. இழுக்கப் போன போட்டை அழைத்து, தாளைப் பார்த்து இலக்கங்களைச் சொன்னாள். கிடைத்தது, திசையை மாற்றுகிறோம் என்று பதில் வந்தது.

பிறகு பெட்டியருகே போய், செபமாலை சுற்றிய அந்தக் குளிர்ந்த கையைத் தொட்டாள். "சொல்லியாச்சு" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

மூடியைத் தூக்கினார்கள். ஐறீன் கையை நீட்டினாள். "அம்மா, அப்பாட கண்ணாடி."

பிறிஜெற் மூக்கில் வழுக்கிய கண்ணாடியை விரலால் மேலே தள்ளிவிட்டாள்.

"மூடச் சொல்லு" என்றாள்.