மாமன் மடிக்கு ஒரு படி மக்காச்சோளம்

கவியாவின் காதுகுத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது அக்கா போன் செய்து, "அவ உன் மடியில உக்கார மாட்டாளாம்டா" என்றாள். குன்னத்தில் எங்கள் களத்தில் மக்காச்சோள மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். தோளிலிருந்த மூட்டையை அப்படியே இறக்கி அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா புவனேஸ்வரிக்கு நான் ஒரே தம்பி. அவள் பிள்ளைக்கு நான் ஒரே தாய்மாமன். ஏதேதோ காரணத்தால் காதுகுத்து தள்ளிப்போய்த் தள்ளிப்போய்ப் பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. கம்மல் செய்தாயிற்று, பட்டுப்பாவாடை எடுத்தாயிற்று. கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயில் பக்கம் கட்டுவதற்கு ஃப்ளெக்ஸ் பேனர்கூட அடித்தாயிற்று. அதில் நான் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு நடுவில் நிற்கிறேன். காது குத்திக்கொள்ளப்போகிறவள் ஓரமாக இருக்கிறாள். இவ்வளவுக்கும் பிறகு மடி காலியாக இருந்தால் ஊரில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நடப்பது?

தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஜூன் மாதம் பிள்ளையை ஊசி போட அழைத்துப்போனது நான். வழியெல்லாம் வலிக்கவே வலிக்காது, எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது என்று அளந்துவிட்டேன். ஊசி வலித்தது. கை வீங்கியது. இரண்டு நாள் காய்ச்சலும் வந்தது. அன்றிலிருந்து அவள் என்னை மாமா என்று கூப்பிடுவதில்லை. போனில் யார் என்று அக்கா கேட்டால் "பொய் சொல்ற ஆளு" என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிடுவாள்.

இதற்கு நடுவில் காசிநாதன் வேறு. எங்கள் பெரியம்மா மகன், அரியலூர் டவுனில் பேக்கரி வைத்திருக்கிறான். அவனும் ஒரு வகையில் மாமன்தான். வாரத்துக்கு இரண்டு தடவை கிரீம் பன்னோடு அக்கா வீட்டுக்குப் போய்விடுவான். "அறிவரசன் மடி வேணாம்னா என்ன, என் மடி இருக்குல்ல, பாப்பா அழாம இருந்தா சரி" என்று பெருந்தன்மையாகச் சொன்னானாம். அந்தப் பெருந்தன்மையைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது.

பிள்ளைக்கு இப்போது என்னதான் பிடிக்கிறது என்று அக்காவைக் கேட்டேன். பாப்கார்ன் என்றாள். திருச்சியில் சினிமாவுக்குப் போய் வந்ததிலிருந்து தினம் அதே கேட்டு அழுகிறாளாம். நான் உட்கார்ந்திருந்த மூட்டையைப் பார்த்தேன். நாலு ஏக்கர் மக்காச்சோளம் போட்டவனிடம் வந்து பாப்கார்னா?

கடையில் விற்கும் பாக்கெட்டை எவன் வாங்குவான்? காசிநாதன் வாங்குவான். நான் விளைவித்தவன். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து அவள் கண் முன்னாலேயே பொரித்துக் கொடுத்தால் ஊசி, காய்ச்சல் எல்லாம் மறந்துபோய்விடும் என்று கணக்குப் போட்டேன். எங்கள் பக்கத்துச் சோளம் முழுக்க வருஷா வருஷம் நாமக்கல்லுக்குக் கோழித் தீவனத்துக்குத்தான் போகிறது. அதை ஒரு நாளாவது நாங்கள் பொரித்துப் பார்த்திருக்கிறோமா என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

புதன்கிழமை காலை ஒரு படி சோளத்தைப் பையில் கட்டிக்கொண்டு அரியலூரில் அக்கா வீட்டில் போய் இறங்கினேன். மச்சான் மணிவண்ணன் ரெட்டிபாளையத்தில் சிமென்ட் ஆலை வேலைக்குப் போயிருந்தார். ஸ்கூலுக்கு லீவு. கவியா கதவுக்குப் பின்னால் நின்று என் பையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"பாப்கார்ன்" என்றேன். அவள் கதவை விட்டு ஓரடி முன்னால் வந்தாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்துகிற ஆளா? ஒவ்வொரு சோளமும் படபடவென்று வெடிக்கும், குக்கரைத் திறந்தால் கூரை வரைக்கும் எகிறும், வீடெல்லாம் மழையாகக் கொட்டும் என்று சொன்னேன். அவள் உள்ளே ஓடிப்போய்த் தன் குடையை எடுத்து வந்தாள். சமையலறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அடுப்புக்கு எட்டாத தூரத்தில், குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு வெங்காயம் உரித்தாள்.

குக்கரில் எண்ணெய் ஊற்றி, உப்பும் மஞ்சள்தூளும் போட்டு, இரண்டு கை சோளத்தை அள்ளிப் போட்டு, மூடியைக் கவிழ்த்து வைத்தேன். ஐந்து நிமிடம் ஆயிற்று. சத்தமே இல்லை. தீயைக் கூட்டினேன். கவியா குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே டப் என்று ஒரு சத்தம் கேட்டது. "ஆரம்பிச்சிடுச்சு பாத்தியா" என்றேன். அதோடு சரி. அதன் பிறகு வந்தது புகைதான்.

திறந்து பார்த்தால் பாதி சோளம் கரிந்துபோயிருந்தது. மீதிப் பாதி போட்டபடியே கிடந்து என்னைப் பார்த்தது.

எண்ணெய் போதவில்லை என்று சொல்லி இன்னொரு தடவை போட்டேன். அதுவும் கரிந்தது. குக்கர் சரியில்லை என்று சொல்லி இரும்புச் சட்டிக்கு மாறினேன். ஈரமாக இருக்கிறது என்று சொல்லி மாடியில் ஒரு மணி நேரம் காயவைத்தேன். கவியா குடையோடு மாடிக்கும் வந்து காவலிருந்தாள். காய்ந்த சோளமும் வெடிக்கவில்லை.

"கோழிக்குப் போடுறத புள்ளைக்குப் போட்டா எப்படிடா வெடிக்கும், பாப்கார்னுக்கு வேற சோளம்டா" என்றாள் அக்கா. இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாம். உடன்பிறந்தவள் இல்லையா, நன்றாக மூக்குடைபடட்டும் என்று காத்திருந்தாள்.

கவியா குடையை மடக்கினாள். மெதுவாகத்தான் மடக்கினாள். காதுகுத்துக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது.

அப்போதுதான் அந்தக் கேடுகெட்ட புத்தி வந்தது. அக்காவிடம் தீப்பெட்டி வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுத் தெருமுனைக் கடைக்குப் போய் பொரிக்காத பாப்கார்ன் சோளம் ஒரு பாக்கெட் வாங்கிச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தேன். எந்த பாக்கெட்டை எவன் வாங்குவான் என்று கேட்டேனோ அதே பாக்கெட். பிள்ளையை உப்பு எடுத்துவர அனுப்பிவிட்டு, பாக்கெட்டைக் குக்கரில் கொட்டி மூடினேன்.

வெடித்தது பாருங்கள். மூடி ஆடியது. கவியா குடையை மறந்துவிட்டு நாற்காலி மேல் ஏறி நின்று குதித்தாள். கிண்ணம் நிறைய வெள்ளை வெளேரென்று பொரி. வாயில் அடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஜூன் மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் அவள் பல்லைப் பார்த்தேன், முன்பல் ஒன்று விழுந்திருந்தது. இந்தப் பல் எப்போது விழுந்தது என்றுகூடத் தெரியாத மாமனாக இருந்திருக்கிறேன். நம் வயல் சோளம் வெடிக்கத் தெரியுமா தெரியாதா என்று கேட்டு மீசையை முறுக்கினேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

கிண்ணம் காலியானது. அடியில் வெடிக்காத சோளம் பத்துப் பன்னிரண்டு கிடந்தது. கவியா அதில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். பிறகு என் பையில் கைவிட்டு ஒரு சோளத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது குட்டியா உருண்டையா இருக்கு. உன்னோடது பெருசா தட்டையா இருக்கு" என்றாள்.

சட்டைக்குள் இருந்த காலி பாக்கெட் நான் மூச்சு விட்டதற்கே சரசரத்தது. கையை நீட்டினாள். எடுத்துக் கொடுத்தேன். அதன் மேலிருந்த படத்தைப் பார்த்துவிட்டு போய் டி.வி. முன்னால் உட்கார்ந்துகொண்டாள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

நான் சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கரியாகாத சோளத்தை மட்டும் முறத்தில் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. காசிநாதன் மடியில் அவள் உட்கார்ந்திருப்பதும் பக்கத்தில் நான் தேங்காய்ப்பழத் தட்டோடு நிற்பதும் கண் முன்னால் வந்து வந்து போனது. அழுகை வரும்போல இருந்தது, முப்பது வயசு ஆம்பளைக்கு.

எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. முறத்திலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டு, கடிக்க முடியாமல் கையில் துப்பினாள். மோந்து பார்த்தாள். "வாசனையா இருக்கு" என்றாள். வறுத்ததை மிக்சியில் அரைத்தால் மாவாகும், வெல்லம் போட்டு உருண்டை பிடிக்கலாம் என்று அக்கா அடுத்த அறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"இது லட்டு ஆகுமா?" என்று கவியா என்னைக் கேட்டாள்.

சூப்பராக ஆகும் என்று சொல்ல வாய் திறந்தேன். நல்லவேளை, அவள் கண் என் சட்டையின் மேலேயே இருந்தது.

"தெரியல பாப்பா" என்றேன்.

அவள் யோசித்தாள். "தெரியலன்னா செஞ்சு பாப்போம்" என்று சொல்லிவிட்டுச் சம்மணம் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

பாக்கி இருந்த சோளத்தை எண்ணெய் இல்லாமல் பொன்னிறமாக வறுத்தேன். மிக்சி கதறியது, நின்று நின்று அரைத்தது. சலிப்பது கவியா வேலை. மாவில் பாதி சல்லடைக்குக் கீழே விழுந்தது, பாதி அவள் தலையில் விழுந்தது. வெல்லம் தட்டும்போது ஆளுக்கொரு துண்டு வாயில் போட்டுக்கொண்டோம், பிறகு அளவு குறைந்துவிட்டது என்று மறுபடி தட்டினோம். வேர்க்கடலையும் ஏலக்காயும் சேர்த்து, நெய்யை நான் ஊற்றி, சூடு ஆறியதும் அவள் பிடித்தாள். முதல் உருண்டை பிடித்ததும் உதிர்ந்தது. "ஒட்டுமா?" என்றாள். தெரியாது என்றேன். இன்னும் கொஞ்சம் நெய் விட்டோம். ஒட்டியது. அதன் பிறகு நெல்லிக்காய் அளவில் ஒன்று, மாங்காய் அளவில் ஒன்று என்று தட்டு நிறையப் பிடித்து அடுக்கினாள். ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்டாள், முக்கால்வாசிக் கேள்விக்குத் தெரியாது என்றேன். எனக்கு இவ்வளவு விஷயம் தெரியாது என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது.

சாயங்காலம் மச்சான் வேலை முடிந்து வந்தார். மாங்காய் அளவு உருண்டையை அவரிடம் நீட்டி, நல்லாயிருக்கா என்று பொய் சொல்லாமல் சொல்லவேண்டும் என்றாள். அவர் கடித்து, ரொம்ப நேரம் மென்று, கொஞ்சம் கரகரவென்று இருக்கிறது என்றார். கவியாவுக்கு ரொம்பத் திருப்தி.

மடியைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை. கடைசி பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கல்லங்குறிச்சியில் நல்ல கூட்டம். காசிநாதன் மூன்றடுக்கு கேக்கோடு வந்திருந்தான். பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜமக்காளத்தின் ஓரமாக, எதற்கும் இருக்கட்டும் என்பதுபோல, சம்மணம் போட்டே உட்கார்ந்திருந்தான். நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். ஆசாரி பெட்டியைத் திறந்து ஊசியையும் கம்மலையும் எடுத்துத் தட்டில் வைத்தார்.

கவியா அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு ஊசியைப் பார்த்தாள். வலிக்காதுடா தங்கம் என்றது ஒரு குரல். கொசு கடித்த மாதிரி இருக்கும் என்றது இன்னொன்று. கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், ஒண்ணுமே தெரியாது என்று காசிநாதன் கேக்கைக் காட்டினான். அவள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நின்றாள்.

"வலிக்குமா?"

அக்கா கண்ணாலேயே என்னைக் கெஞ்சினாள்.

"வலிக்கும் பாப்பா. சுருக்குனு குத்தும், அப்புறம் எரியும். அழுகை வரும்" என்றேன்.

சுற்றியிருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். பிள்ளையிடம் பேசுகிற பேச்சா இது என்று மச்சான் வீட்டு ஆள் ஒருவர் எழுந்தேவிட்டார்.

கவியா அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. "எவ்ளோ நேரம்?"

"அம்பது எண்ணுற வரைக்கும் இருக்கும்னு நெனைக்கிறேன். சரியா தெரியல."

அவள் அம்மாவின் சேலையை விட்டாள். ஜமக்காளத்தில் நடந்து வந்து, திரும்பி, பாவாடையைச் சரிசெய்துகொண்டு என் மடியில் உட்கார்ந்தாள்.

ஆசாரி குத்தினார். அவள் போட்ட கூச்சலில் கோயில் வாசலில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கூச்சலோடு கூச்சலாக ஒன்று, இரண்டு என்று எண்ணவும் ஆரம்பித்தாள். நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, ஐம்பது. நின்றாள். காதைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஐம்பத்தொன்றிலிருந்து தொடர்ந்தாள். அறுபத்திரண்டில் விசும்பல் நின்றது. அதுவரை பொறுத்திருந்த ஆசாரி அடுத்த காதைப் பிடித்துக் குத்தினார்.

"இது வேற காது. மொதல்லேருந்து எண்ணணும்" என்று அலறினாள். என் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நீயும் எண்ணு மாமா."

எண்ணினேன். இருபதைத் தாண்டியதும் அவள் கண்ணைத் துடைத்துவிடப் போய் ஓர் எண் விட்டுப்போயிற்று. அவள் அழுகையை நிறுத்தி, இருபத்து மூன்றை விட்டுவிட்டாய் என்று என்னைத் திருத்திவிட்டு, மறுபடியும் அழ ஆரம்பித்தாள்.