வெள்ளை மேசைவிரிப்பு

பிறந்தநாள் கொண்டாடுவதெல்லாம் உத்தியோகத்தர் வீட்டு வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் மகள் யசிந்தா விட்டால்தானே! பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு பிள்ளை கேக் வெட்டிய கதையைக் கேட்டு வந்ததிலிருந்து, "எனக்கு எப்ப அம்மா?" என்று என் சீலைத் தலைப்பைப் பிடித்தபடியே திரிந்தாள்.

அது எழுபத்து நாலாம் ஆண்டு. மாவுக்கும் சீனிக்கும் சங்கக்கடை வாசலில் தவம் கிடந்த காலம். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்து, கேக்குக்கென்று சீனியை மிச்சம் பிடித்தோம். புதுச் சட்டைக்கு வழியில்லை. ஊர்காவற்றுறையில் கோயில் வளவில் கன்னியாஸ்திரிகள் பழைய சாமான் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, குடும்பமாய்ப் போனோம். என் கணவர் அம்புறோசும் அன்று தொழிலுக்குப் போகாமல் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

உடுப்புக் குவியலுக்குள் நான் ஒரு ரோசாப்பூச் சட்டையை இழுத்தெடுத்தேன். யசிந்தாவுக்குக் கணுக்கால்வரை வந்தது. மடித்துத் தைத்தால் கலியாணம்வரைக்கும் போடலாம் என்று நான் சிரித்தேன். மேசைவிரிப்பைக் கண்டெடுத்தது அவர்தான். வெள்ளை வெளேரென்று, கரையெல்லாம் பின்னல் வேலை. நடுவில் மட்டும் ஒரு தேத்தண்ணிக் கறை.

"கறைக்கு மேல கேக்கை வைச்சா ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

பிறந்தநாளன்று விடியவே அவர் கடலுக்குப் போனார். மீன் படுகிற நாளில் கரையில் குந்தியிருக்க எங்களுக்குக் கட்டுமா? யசிந்தா அழுதாள். "கேக் வெட்ட வந்திடுவன் பிள்ளை" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவள் நம்பவில்லை. எத்தனை தரம் சொல்லிவிட்டு இருட்டினபிறகு வந்த மனிசன்!

நான் குசினியில் இருந்தேன். பானைக்குள் கேக், அடியிலும் மூடியிலும் சிரட்டைத் தணல். கொஞ்சம் பராக்குப் பார்த்தால் கருகிவிடும். அப்போதுதான் பக்கத்து வீட்டுச் சூசையம்மா அக்கா கடற்கரையில் நின்று குளறியது கேட்டது.

"ஐயோ, ஆற்ர வீட்டிலயடி சாவு?"

எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. ஊரில் சாவு விழுந்தால், விளக்கேற்றும் கம்பத்தில் வெள்ளைத் துணியை ஏற்றுவோம். கடலில் நிற்பவர்களுக்கு அது யார் வீட்டுச் சாவு என்று தெரியாது. ஆகவே எல்லாரும் போட்டது போட்டபடி திரும்புவார்கள். ஒவ்வொருவனும் தன் வீடுதானோ என்று நெஞ்சு பதறிக்கொண்டே வருவான்.

வெளியே ஓடிவந்தபோது, காலையில் நான் விரிப்புப் போட்டுவைத்த மேசை என் கண்ணில் பட்டது. வெறும் பலகை.

கம்பத்தில் பின்னல் கரையோடு என் மேசைவிரிப்பு சோளகக் காற்றில் படபடத்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் மூத்தவன் வின்சன்றும், ரோசாப்பூச் சட்டையோடு யசிந்தாவும் நின்றார்கள்.

"சித்தப்பா செத்த அண்டைக்குத் துணி ஏத்தினவுடன ஐயா வந்தவர்தானே அம்மா" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

எனக்குக் கண்மண் தெரியவில்லை. பளாரென்று கன்னத்தில் அறைந்தேன். அவள் அழக்கூட இல்லை. சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். நான் துணியை இறக்கினேன். இறக்கி என்ன? கடலில் பாய்கள் எல்லாம் கரைப்பக்கம் திரும்பிவிட்டன.

தண்ணீர் வற்றியிருந்த நேரம். மற்ற நாளென்றால், வள்ளத்தின் அடியைக் கிழிக்கும் கல்லுப்பாரைச் சுற்றித்தான் வருவார்கள். அன்று ஒருவரும் சுற்றவில்லை. காற்றை முழுவதும் பாயில் வாங்கிக்கொண்டு கல்லுக்கு நேரே வந்தார்கள். முன்னால் வந்தது அவருடைய வள்ளம். அது ஒருபக்கம் சரிந்து நிமிர்ந்தபோது என் உயிர் போய்த் திரும்பி வந்தது. மாதாவே, சாவில்லாத இடத்துக்கு என் பிள்ளைகளே சாவைக் கூப்பிட்டுவிட்டார்களோ என்று நடுங்கினேன்.

"பிள்ளையளைத் தூக்கிக் காட்டுங்கோடி! உயிரோட இருக்கினம் எண்டு அவங்களுக்குத் தெரியட்டும்!" என்று சூசையம்மா அக்கா கத்தினா.

பெண்கள் கரை நீளத்துக்கு நின்று பிள்ளைகளைத் தூக்கிப் பிடித்தார்கள். நானும் கைக்குழந்தையைத் தூக்கினேன். வின்சன்றை முன்னால் தள்ளினேன். யசிந்தாவைக் காணவில்லை. பெயர் சொல்லிக் கத்தினேன், பதில் இல்லை.

வள்ளம் நிற்குமுன்னே அவர் தண்ணீருக்குள் குதித்தார். கண் ஒவ்வொரு தலையாய்த் தேடியது.

"யசிந்தா எங்கை?"

நான் கரை நெடுகத் திரும்பித் திரும்பித் தேடினேன்.

"மாக்கிறேற், என்ர பிள்ளை எங்கையடி?"

என் கையில் சுருட்டியிருந்த விரிப்பை அப்போதுதான் கண்டார். நனைந்த மணலில் அப்படியே குந்திவிட்டார். "இஞ்சாருங்கோ, அவளுக்கு ஒண்டுமில்லை" என்று நான் சொன்னது அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

கவிழ்த்துக் கிடந்த பழைய வள்ளத்துக்கு அடியிலிருந்து அவள் ஊர்ந்து வந்தாள். கன்னத்தில் என் விரல் அடையாளம், சட்டையெல்லாம் மணல்.

"ஐயா, கேக் வெட்டுவமா?"

அவர் அவளுடைய காலைக் கட்டிக்கொண்டு, அத்தனை ஆம்பிளைகளுக்கும் முன்னால் ஓவென்று அழுதார். அந்த மனிசன் அழுததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

சூசையம்மா அக்காவின் புருசன் இராயப்பு அண்ணை ஆவேசமாய் வந்தார். எல்லாரையும்போல அவரும் வலையை அறுத்துவிட்டு வந்தவர். பிள்ளையைப் பார்த்து வாயைத் திறந்தார். பிறகு அம்புறோசைப் பார்த்தார்.

"சரி, வலையைப் பிறகு தேடுவம்" என்றார். "கேக் எங்கை?"

கேக் அடிப்பிடித்திருந்தது. கருகலைச் சுரண்டி, வெறும் பலகையில் வைத்து, நகத்தளவு துண்டுகளாய் வெட்டினேன். ஈரம் சொட்டச் சொட்ட நின்றே எல்லாரும் வாங்கித் தின்றார்கள். அம்புறோசின் கையிலிருந்து பாதி மணலில் கொட்டியது. யசிந்தா அவருடைய மடியில் குந்தியபடியே அந்தத் துகள்களைப் பொறுக்கினாள்.

"அடுத்த வருசமும் துணி ஏத்தட்டோ ஐயா?"

"வேண்டாம் பிள்ளை" என்றார். "அண்டைக்கு நான் வீட்டிலதான் நிப்பன்."