வாளித் தண்ணீர்

அல்லிநகரத்தில் கட்டிக்கொண்டிருந்த லாட்ஜில் பன்னிரண்டு குளியலறைகள். டைல்ஸ் ஒட்டுவது நான். அதற்கு முன்னால் தண்ணீர் கசியாமல் இருக்கப் பூச்சு அடிப்பது என் மச்சான் முத்துக்குமரன் என்றுதான் பேச்சு. நடுவில் இஞ்சினியர் ஆசாத், அதே பூச்சு வேலைக்கு யுவராணியைக் கொண்டுவந்தார். முதல் அறை ஒழுகாவிட்டால் மற்ற பதினொன்றும் அவளுக்கே என்றார். எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

பூச்சை நன்றாகவே அடித்திருந்தாள். மூலையில்கூட ஓர் ஊசிக்கண் இல்லை. தண்ணீர் போகும் வாயைத் துணிப்பந்தால் அடைத்து, நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சில் கோடு போட்டாள். இரண்டு நாள் நிற்க வேண்டும். பக்கத்திலேயே ஒரு வாளியிலும் தண்ணீர் ஊற்றிக் கோடு போட்டாள்.

"இது எதுக்குத்தா?"

"ஆடிக்காத்துண்ணே. சன்னலுக்கு இன்னும் கதவு போடல. காத்து குடிக்கிற தண்ணிக்கு நான் பொறுப்பாக முடியுமா? வாளியில எம்புட்டுக் கொறையுதோ, தரையிலயும் அம்புட்டுதான் கொறையணும்."

விவரமானவள்தான். மூன்றாம் நாள் காலை, அவள் வருவதற்கு முன் போய்ப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே அளவு, அரை விரல் இறங்கியிருந்தது. ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து, வாளியில் மட்டும் கோடு வரைக்கும் ஊற்றினேன். நான் செய்தது அவ்வளவுதான்.

ஆசாத் குனிந்து பார்த்தார். "தரையில எறங்கியிருக்கு. வாளியில எறங்கலையே?"

"கீழ சீலிங் காஞ்சு கெடக்கு சார்."

"செவுத்துக்குள்ள போயிருக்கும். ஒன் வாளிதானம்மா சொல்லுது."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க இங்கனதான இருந்தீக. யாரும் தண்ணிய மோந்தாகளாண்ணே?"

"ஒரு ஈ காக்கா வரலை."

அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. உளியை வாங்கி, தான் அடித்த பூச்சைத் தானே சுரண்டி, எங்கே ஓட்டை என்று சாயங்காலம் வரை தேடினாள். இல்லாத ஓட்டையை எங்கே போய்த் தேடுவது? எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மச்சான் பதினொன்றையும் அடித்தான். மூன்றில் ஒழுகியது. அடுத்த வருஷம் என் வீட்டு மாடியில் குளியலறை கட்டினேன். அவனையா கூப்பிடுவேன்? யுவராணியைத் தேடிப் போனேன். ஒரு கட்டடத்தில் மணல் சுமந்துகொண்டிருந்தாள்.

"வேணாம்ணே. ஒங்க வீட்டக் கெடுத்த பாவம் எனக்கெதுக்கு? நான் பூசுனா ஒழுகும். நீங்கதான் கண்ணால பாத்தீகளே."

மணல் சட்டியைத் தலைக்குத் தூக்கிவிடச் சொன்னாள். தூக்கிவிட்டேன்.