வளைவில் கேட்ட அமைதி

புதிய கார் பந்தய சீசன் தொடங்குமுன், எந்த அணி எந்த இடம் பிடிக்கும் என்று பத்திரிகையில் கணித்து எழுதுவது என் வேலை. சோதனை ஓட்டத்தில் அணிகள் காட்டும் வேகத்தை நான் நம்புவதில்லை. டேங்க்கை நிரப்பி எடையைக் கூட்டிக்கொண்டு மெதுவாக ஓட்டி, நம் கண்ணில் மண்ணைத் தூவுவார்கள். அதனால் கடைசி வளைவின் வேலியோரம் நின்று, கண்ணை மூடி, இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்பேன்.

அன்று நல்ல பனி. எல்லா வண்டிகளும் வளைவில் உறுமித் திணறின. ஒன்று மட்டும், தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல், காற்றாக நழுவிப் போனது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கண் திறந்தபோது அதன் நீல வால் பனியில் கரைந்துகொண்டிருந்தது. வருஷா வருஷம் கடைசியில் வரும் அணி! முதலிடம் என்று எழுதிவிட்டேன்.

மறுநாள், அந்த அணியில் டயர் மாட்டும் என் தம்பி போன் செய்தான்.

"அக்கா, உனக்கென்ன கிறுக்கா? அந்த வளைவுல இன்ஜினே நின்னுபோச்சு. இறக்கத்துல சும்மா உருண்டு வந்துச்சு."

"ஐயோ! எல்லாரும் சிரிக்கிறாங்களா?"

"சிரிக்கவா? நீ எழுதினதை வெட்டிச் சுவத்துல ஒட்டிட்டு, விடிஞ்சதுலேருந்து ஒருத்தரும் உட்காராம வேலை பாக்குறாங்க."

திருத்தம் எழுத உட்கார்ந்தேன். கண்ணை மூடினால், நீல வண்டி சத்தமில்லாமல் எல்லாருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

திருத்தமாவது, மண்ணாங்கட்டியாவது!