வேட்டியில வடிச்ச காப்பி

காப்பி விஷயத்துல எங்கிட்ட யாரும் வாலாட்ட முடியாது. மூலக்குளத்துல எங்க தெருவுல கேட்டுப் பாருங்க, கமலக்கண்ணன் வீட்டு டிகாஷனுக்குத் தனி மரியாதை. அந்த மரியாதை எங்க மாமனார் ஜான்-பத்திஸ்த் கிட்ட மட்டும் செல்லல. பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர். அவரு பொண்ணு மனோனை நான் லவ் பண்ணிக் கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து என்னை பிரெஞ்சுல "சார்"ங்கிற மாதிரி "முசியே"ன்னுதான் கூப்புடுவாரு, ஏதோ வாடகைக்கு வீடு கேட்டு வந்தவன் மாதிரி. ஒரு தடவையாவது அந்த வாயால "மாப்ள"ன்னு கேட்டுடணும்னு எனக்கு வெறி.

அவரு பொறந்த நாளுக்கு வீராம்பட்டினம் பக்கம் கடலோர சவுக்குத் தோப்புல டென்ட் அடிச்சோம். மொத நாள் சாயந்திரமே ஆரம்பிச்சாரு. "வெளியில வந்தா இன்ஸ்டன்ட் பவுடர்தான் முசியே. நல்ல காப்பியெல்லாம் வீட்டு கேஸ் அடுப்போட சரி."

எனக்குச் சுருக்குன்னுச்சு. "காலையில பாருங்க மாமா, இதே மணல்ல உக்காந்து நுரை ததும்பத் தரேன்"னு சொல்லிட்டேன்.

விடிஞ்சதும் பையத் தொறந்தா பகீர்னுச்சு. பில்டரோட கீழ்ப்பாதி இருக்கு, மேல்பாதியக் காணோம்! கழுவிக் கவுத்தது வீட்டு சமையக்கட்டுலயே காயுது.

மனோன் வாயப் பொத்திக்கிட்டு சிரிக்கிறா. "பேசாம பவுடரப் போட்டுடுங்க, அப்பாவுக்குத் தெரியாது."

"அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்ல? போடி!"ன்னு கத்திட்டேன்.

வடிகட்டத் துணி வேணும். துண்டுல எல்லாம் சோப்பு வாசனை. மிச்சம் இருந்தது ஒரு புது வேட்டி. கல்யாணத்தப்போ மாமனார் கையால எனக்குக் குடுத்த ஒரே பொருள். கட்டாமயே பத்திரமா வெச்சிருந்து, அன்னிக்கு அவரு முன்னாடி கட்டிக் காட்டலாம்னு கொண்டாந்தது. பல்லக் கடிச்சுக்கிட்டு கரையோட ஒரு மூலையக் கிழிச்சேன். புதுத் துணியில கஞ்சி இருக்கும், அப்படியே வடிச்சா காப்பியில கஞ்சி நாத்தந்தான். தண்ணி மாத்தி மாத்திக் கொதிக்க வெச்சுப் பிழிஞ்சேன்.

மணல்ல குழி தோண்டி, காத்து அடிக்கிற பக்கம் கல்ல அடுக்கி, சவுக்குச் சருகால தீ மூட்டினேன். கடலோரத் தண்ணி உப்பு, காப்பியக் கெடுத்துடும்னு வீட்டுலேர்ந்தே கேன்ல தண்ணி கொண்டாந்திருந்தேன். துணிய பில்டர் வாயில கட்டி, பொடியப் போட்டு, வெந்நீரக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திட்டு சும்மா உக்காந்தேன். இங்க அவசரப்பட்டா டிகாஷன் தண்ணியாப் போயிடும். சொட்டுச் சொட்டாக் கருகருன்னு எறங்குச்சு பாருங்க, எனக்கே பெருமை தாங்கல.

பின்னாடி மாமனார் வந்து நின்னாரு. துணிக் கரையவே பாத்தாரு.

"முசியே, இது நான் குடுத்த வேட்டியில்ல?"

"ஆமாம் மாமா."

மனோன் சிரிப்பு நின்னுபோச்சு. போச்சுடா, இனி ஜென்மத்துக்கும் நான் முசியேதான்னு நெனச்சுக்கிட்டே பாலக் கலந்து, நல்லா ஆத்தி நீட்டினேன்.

வாங்கிக் குடிச்சாரு. கடலப் பாத்துக்கிட்டே கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சாரு. அப்புறம் என் பக்கம் திரும்பாமலே காலி டம்ளர மனோன்கிட்ட நீட்டினாரு.

"இன்னும் இருக்கான்னு மாப்ளயக் கேளு."

இருந்துச்சு, எனக்குன்னு எடுத்து வெச்சது. அப்படியே ஊத்திக் குடுத்துட்டேன். அன்னிக்கு நான் காப்பியே குடிக்கல. கிழிஞ்ச வேட்டியக் கட்டிக்கிட்டு தோப்பு முழுக்க நெஞ்ச நிமித்தி நடந்தேன்.